பதினெட்டு ரோஜாவும் ஒரு மாடிப்படியும்

குழந்தை ஏசு துணை

சான் இசித்ரோ கிராமம், இலோயிலோ.
ஜூன் மாதம் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதியது.

ஹாங்காங் மாநகரத்தின் பதினேழாவது மாடியில் ஊரான் வீட்டுச் சன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்கா கன்சோர்சியாவுக்கு, தங்கச்சி ஃபெலிசா எழுதும் கடுதாசி. இங்கே நானும் என் வீட்டுக்காரர் மக்ஸிமோவும் மகள் ஜெனலினும் ஆடும் சௌக்கியம். அவர் ஓட்டும் மோட்டார் டிரைசைக்கிள் மட்டும் இருமுகிறது. அங்கே நீயும் உன் முதலாளியம்மாவும், அந்தம்மாவைவிட நீ அதிகமாகக் கொஞ்சுகிற அவர்கள் நாயும் சௌக்கியமாக இருக்கவேண்டி இன்று காலை மெழுகுவர்த்தி ஏற்றினேன். நாய்க்குத் தனி மெழுகுவர்த்தி கிடையாது, உன்னுடையதிலேயே பங்கு.

போனில் பேசாமல் இவள் எதற்கு மூணாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு கடுதாசி எழுதுகிறாள் என்று நீ கேட்பாய். போன் பன்றி ரத்தக் குழம்பில் விழுந்துவிட்டது அக்கா. கரண்டியால் எடுக்கும்போதும் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது, காதில் வைத்தால் பிளப் பிளப் என்றது, அது அநேகமாக நீதான். அரிசிக்குள் புதைத்து வைத்தால் சரியாகும் என்று பக்கத்து வீட்டு பெர்லா சொன்னாள். புதைத்தோம். அரிசிக்குக் குழம்பு வாசனை வந்ததே தவிர போனுக்கு உயிர் வரவில்லை. அதே பெர்லாவின் மகள் உன் ஊருக்கு வேலைக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவள் வழியிலேயே பிரித்துப் படிப்பாள். படிக்கட்டும், நல்ல சேதிதானே.

முதலில் கவுன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதை நீ தொடக்கத்திலேயே திட்டி முடித்துவிடலாம். ஜெனலினின் பதினெட்டாம் பிறந்தநாளுக்கு நீ பெட்டியில் அனுப்பிய ரோஸ் நிறக் கவுன் வந்து சேர்ந்தது. அழகென்றால் அப்படி அழகு, தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. ஆனால் நீ அதை எழுந்து நிற்கிற பெண்ணுக்கு வாங்கியிருக்கிறாய். உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது முழங்கால் தாண்டி, சக்கரம் தாண்டி, வாசல் தாண்டி, ஆட்டின் வாய் வரைக்கும் போனது. ஆடு ஓரத்தில் கொஞ்சம் ருசி பார்த்தது. மீதியைப் பாதி வெட்டி அவள் சக்கர நாற்காலிக்கே உறை தைத்துவிட்டேன். இப்போது அவளும் நாற்காலியும் ஒரே நிறம், அக்கா தங்கச்சி மாதிரி. பின்பக்க நீளத்தை மட்டும் வெட்ட மனசு வரவில்லை. அதை விட்டதும் நல்லதுக்குத்தான் என்று பின்னால் தெரியவரும்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். ஜெனலின் பத்தாம் வகுப்பு முடித்தாள் அல்லவா. பத்து வரைக்கும் வகுப்பெல்லாம் கீழ்த்தளம். பதினொன்றாம் வகுப்பு இரண்டாம் மாடியில். நம் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து கால் இரண்டும் சும்மா துணைக்கு வருகிறவை. அதற்கு ஈடாக ஆண்டவர் அவள் நாக்கில் ரெண்டு காலை வைத்துவிட்டார், அது ஓடுகிற ஓட்டம் உனக்கே தெரியும். அந்த நாக்கை வைத்துக்கொண்டு வக்கீலாகப் போகிறாளாம். ஊருக்கு அது நல்லதா என்று எனக்குச் சந்தேகம், ஆனாலும் ஆசைப்பட்டுவிட்டாள், அதற்குப் பதினொன்றில் போய் உட்கார்ந்தாக வேண்டும். ஏப்ரலில் சேர்க்கப் போனால் தலைமையாசிரியை மிஸஸ் பலாசியோஸ் எங்களுக்கு நாற்காலி போட்டு (ஜெனலினுக்கும் போட்டார், பாவம், பழக்கதோஷம்) குளிர்ந்த தேங்காய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஃபெலிசா, சட்டம் உன் மக பக்கம்தான் இருக்கு, எந்தப் பிள்ளையையும் சேர்க்க முடியாதுன்னு நாங்க சொல்லக் கூடாது. நானும் சொல்லல. ஆனா சட்டத்துக்கும் வகுப்புக்கும் நடுவுல மாடிப்படி இருக்கே" என்றார். "அப்ப படியை எடுத்துருங்க மேடம்" என்றாள் இவள். "பாடத்தாளை வாரா வாரம் வீட்டுக்கே அனுப்பிடறேன், நீ வீட்டுலயே படிம்மா, விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது." "வீட்டுல யாரு மேடம் இருக்கா என்கூட வாதாட? எங்கம்மா மூணாங்கிளாஸ். ஆடு அதுவும் இல்ல." நான் இவள் தொடையைக் கிள்ளினேன். கிள்ளினால் அவளுக்குத் தெரியாது என்பது கிள்ளின பிறகுதான் ஞாபகம் வந்தது, கையில் கிள்ளினேன்.

சரி என்று சமூகநல அலுவலகத்துக்குப் போனோம். அங்கே மிஸ் டோர்க்காஸ் என்று ஒரு பெண், தங்கமான பிள்ளை, பிஸ்கட் கொடுத்தது. "வீட்டுலயே படிக்கிறதா? அய்யோ, வேணாம் ஆன்ட்டி. பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் போனாத்தான் உங்களுக்குக் குடும்ப உதவி. வருகைக் கட்டம் காலியா இருந்தா பெரிய ஆபீஸ் கம்ப்யூட்டர் உங்களை வெட்டிரும்." நான் சொன்னேன், "அப்ப வகுப்பு மாடியில இருக்குன்னு அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா." "சொல்லலாம் ஆன்ட்டி, ஆனா அதுக்குக் கட்டம் இல்லையே." கதை எப்படிப் போகிறது பார் அக்கா. பள்ளிக்கூடம் போனால்தான் உதவி. அந்த உதவி வந்தால்தான் பள்ளிக்கூடம் போக டிரைசைக்கிளுக்குப் பெட்ரோல். பள்ளிக்கூடமோ தயவுசெய்து வராதீர்கள் என்கிறது. நாய் தன் வாலைத் துரத்துமே, அந்த வட்டத்துக்கு நடுவில் ரோஸ் கவுனோடு நம் பிள்ளை.

அப்புறம் நம் ஊர்த்தலைவர் கப்பித்தான் டெல்ஃபினிடம் போனோம். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "என்ன ஃபெலிசா இப்படிக் கேட்டுட்ட! நடக்க முடியாதவங்களுக்குன்னு வந்த நிதியில போன வருஷமே நான் சாய்தளம் கட்டலையா?" கட்டினார். நீ பார்த்ததில்லை. கூடைப்பந்துத் திடலின் மேடைக்கு ஏறுகிற மாதிரி ஒரு சிமெண்டுச் சரிவு, அதன் நெற்றியில் அவர் பெயர் ஜெனலின் உயரத்துக்கு. அதில் மக்ஸிமோவின் டிரைசைக்கிளே ஏறாது. காலையில் நம் ஆடு போய் உச்சியில் நின்று ஊரைப் பார்க்கும், மாலையில் பிள்ளைகள் அரிசிச் சாக்கில் உட்கார்ந்து சறுக்குவார்கள். ஜெனலின் ஒரே ஒருதடவை முயன்று பார்த்தாள், பாதி ஏறினாள், மீதியைப் பின்பக்கமாக வந்தாள், வந்தவள் நேராக என் வாழைப்பழ வறுவல் கடைக்குள் நுழைந்தாள், அன்றைக்குத் தெரு நாய்களுக்கெல்லாம் திருவிழா. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். கப்பித்தான் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "ஏறுறதுக்கில்லம்மா அது. இருக்கணும்னு விதி. இருக்கு" என்றார்.

மூணு பேரும் நல்லவர்கள். அதுதான் கஷ்டமே. கெட்டவர்களாக இருந்தால் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இவர்கள் தேங்காய்த் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்து, சட்டம் உங்கள் பக்கம் என்று சொல்லி, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். ஜெனலின் வழிநெடுக வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான். பிள்ளைக்கு நடை இல்லை என்று நாங்கள் அழுது முடித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது, அதற்குப் புதிதாக அழ ஒன்றுமில்லை. பேச்சும் போய்விட்டால் வீட்டில் என்ன இருக்கிறது?

உன் தங்கச்சி மாப்பிள்ளை மக்ஸிமோவுக்கு உலகத்தில் ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும். ஆளை உறவாக்கிவிடுவது. லைசன்ஸ் எங்கே என்று கேட்ட போக்குவரத்துக் காவலரை டிரைசைக்கிளைச் சாமியார் மந்திரித்தபோது அதற்கே ஞானத்தகப்பன் ஆக்கிய மனுஷன் அவர். "ஃபெலிசா, இந்த மூணு பேரையும் நம்ம பிள்ளைக்கு ஞானப்பெற்றோர் ஆக்கிருவோம், அப்புறம் எப்படி மாட்டேன்பாங்க?" என்றார். "யோவ், அவளுக்கு ஞானஸ்நானமும் ஆச்சு, உறுதிபூசுதலும் ஆச்சு. அப்ப உங்களுக்குக் கிடைச்சது மீன்காரரும் பஸ் கண்டக்டரும். இன்னும் எந்தச் சடங்கு பாக்கி இருக்கு, கல்யாணமா?" என்றேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை பளிச்சென்று வந்தது. என் யோசனைதான் அக்கா, இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். பதினெட்டாம் பிறந்தநாள் வருகிறதே! நம் வழக்கப்படி பெண்ணோடு ஆட ரோஜாவோடு வரும் பதினெட்டு ஆண்களும், மெழுகுவர்த்தி ஏற்றி வாழ்த்துச் சொல்லும் பதினெட்டுப் பெண்களும் நம் சொந்தக்காரர்களாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தப் பாதிரியார் சொன்னார்? மாமன் மச்சானை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாகப் போய் ரோஜா பிடித்தேன். ரோஜா பக்கம் கப்பித்தான், மேயர் கில்பெர்ட்டோ, துணைமேயர் ஹெர்மோ, கல்வி ஆபீஸ் குமாஸ்தா, மருந்துக்கடைக்காரர், அந்தப் போக்குவரத்துக் காவலர் என்று சேர்ந்தார்கள். மெழுகுவர்த்தி பக்கம் மிஸஸ் பலாசியோஸும் மிஸ் டோர்க்காஸும். திட்டம் என்னவென்றால், எல்லோரும் ஆடிக் களைத்து, வறுத்த பன்றியின் முறுகல் தோல் வாயில் இருக்கும்போது, மக்ஸிமோ மைக்கைப் பிடித்து வகுப்பைக் கேட்பது. வாயில் பன்றித் தோல் இருக்கும்போது எந்த மனுஷனாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

ஒரே ஒரு தப்பு செய்துவிட்டேன். மேயரும் துணைமேயரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள், அடுத்த வருஷத் தேர்தலில் ஒரே நாற்காலிக்கு நிற்கப்போகிறவர்கள், ஒரே போட்டோவில் நின்றே பல வருஷம் ஆகிறது. அதை மறந்து ரெண்டு பேரையும் கூப்பிட்டேன். தேர்தல் வருகிறதே, ரெண்டு பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பேனரும் அனுப்பினார்கள். மேயரின் பேனரில் மேயரின் முகம் பெரிது, ஜெனலின் சின்னது. துணைமேயரின் பேனரில் ஜெனலினே இல்லை.

விழாவுக்குக் கூடைப்பந்துத் திடலைத்தான் கேட்டு வைத்திருந்தோம். பிறந்தநாளன்று காலையில் கப்பித்தான் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "ஃபெலிசா, விழா அடுத்த சனிக்கிழமைன்னுல்ல எங்கிட்ட சொன்னீங்க! இன்னைக்குத் திடல்ல கூடைப்பந்து இறுதி ஆட்டம், மூணு ஊர் ஆளுங்க வந்து உட்கார்ந்துட்டாங்க." யார் சொன்னது அடுத்த சனி என்று? நான் சத்தியம் பண்ணினேன், அவர் சத்தியம் பண்ணினார், நடுவில் வானம் கிழிந்த மாதிரி மழை பிடித்துக்கொண்டது. பன்றி ஏற்கெனவே கம்பியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெனலின் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி, "அம்மா, பள்ளிக்கூட மாடி மண்டபம் இன்னைக்குக் காலியாத்தானே இருக்கும்?" என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றேன். மிஸஸ் பலாசியோஸ் வாழ்த்துரைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவர், மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார். தலைக்கு மேல் கூரை கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் அந்த மண்டபம் எங்கே இருக்கிறது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பை ஒட்டியே, அதே இரண்டாம் மாடியில்.

எல்லோரும் மாலையில் படியடியில் வந்து நின்றார்கள். வெள்ளை ஜரிகைச் சட்டை போட்டுக் கையில் ஆளுக்கொரு ரோஜாவோடு பதினேழு பெரிய மனுஷர்கள். பதினெட்டாவது ரோஜா மக்ஸிமோ. வழக்கம்போல மக்ஸிமோ குனிந்து முதுகைக் காட்டினார், "ஏறிக்கடி செல்லம்." இவள் கையைக் கட்டிக்கொண்டாள். "இன்னைக்கு எனக்குப் பதினெட்டுப்பா. உப்பு மூட்டை ஏறுற வயசு முடிஞ்சு போச்சு. நாற்காலியோடதான் மேல வருவேன். மாதா எப்படிப் போறாங்களோ அப்படி." மே மாத ஊர்வலத்துக்கு மாதா சொரூபத்தைத் தூக்குகிற மூங்கில் சப்பரம் எதிரே கோயிலில்தான் இருக்கிறது. கோயில்பிள்ளை ஓடிப்போய்க் கொண்டுவந்தார், நாற்காலியை அதன்மேல் வைத்துக் கயிற்றால் கட்டினோம். நம் ஊர் ஆம்பிளைகளைப் பற்றி உனக்குத் தெரியுமே அக்கா. வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், சப்பரக் கொம்பைக் கண்டால் தோள் தானாக நீளும். அதிலும் போட்டோக்காரன் ரெனாத்தோ கேமராவைத் தூக்கினதுதான் தாமதம், மேயர் வலது முன்கொம்பில், துணைமேயர் இடது முன்கொம்பில். பின்கொம்பில் காவலரும் மருந்துக்கடைக்காரரும். கப்பித்தான் மட்டும், "நான் பன்றியைப் பார்த்துக்கறேன்" என்று நைசாக நழுவினார். முன்னால் ஜெனலின், அவள் கவுனின் நீளம் ஈரப்படியில் புரளாமல் கையில் ஏந்திக்கொண்டு மிஸஸ் பலாசியோஸ், அவருக்குப் பின்னால் ஆப்பிளைக் கவ்விக்கொண்டு பன்றி. இப்படி ஒரு ஊர்வலத்தை நம் பங்குச் சாமியார் தம் ஆயுளில் பார்த்திருக்க மாட்டார்.

முதல் மாடி வரைக்கும் வீரமாகப் போனார்கள். அங்கே படி திரும்புகிற இடத்தில் மூங்கில் திரும்பவில்லை. மேயர் சுவரோடு சுவர், துணைமேயர் கைப்பிடியோடு கைப்பிடி, பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். மேயரின் சட்டை கக்கத்தில் டர்ரென்று கிழிந்தது. "எந்த மடையன்டா இந்தப் படியை இவ்வளவு குறுகலாக் கட்டினது?" என்றார் மேயர். "உங்கப்பா மேயரா இருந்தப்பதான் கட்டினாங்க அண்ணே" என்றார் துணைமேயர். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அண்ணனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "ஒப்பந்தம் எடுத்தது உங்கப்பன்டா!" என்றார் மேயர். மேலே உட்கார்ந்திருந்த ஜெனலின், "கொஞ்சம் இடது பக்கம் சாய்ங்க மேயர் சார். இடதுன்னா உங்க தம்பி பக்கம். பயப்படாதீங்க, ரெனாத்தோ அண்ணன் இப்ப போட்டோ எடுக்கல" என்றாள். யாரோ சிரித்தார்கள். பன்றியைத் தூக்கியவன் சிரித்துவிட்டான் போலிருக்கிறது, ஆப்பிள் நழுவி ஒவ்வொரு படியாகக் குதித்துக் கீழே போனது.

அங்கேயே கொம்பைத் தோளில் வைத்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு மேயர் கேட்டார், "ஏம்மா, நீ தினமும் இந்தப் படியிலயா ஏறி வர்ற?"

"இல்ல சார்."

"அப்பாடா."

"தினமும் வரணும்னுதான் ஆசை சார். மேலதான் என் வகுப்பு. வரவேணாம்னுட்டாங்க."

"யாரு சொன்னது?" என்று துணைமேயர் முந்திக்கொண்டு கேட்டார், அண்ணன் கேட்பதற்குள் கேட்டுவிட வேண்டுமே. எல்லோரும் மிஸஸ் பலாசியோஸைப் பார்த்தார்கள். மிஸஸ் பலாசியோஸ் கவுனோடு சுவரில் சாய்ந்து கப்பித்தானைப் பார்த்தார். கப்பித்தான் பன்றியைப் பார்த்தார். பன்றிக்குப் பார்க்க ஆளில்லை.

நாற்காலியைச் சப்பரத்திலிருந்து அவிழ்த்து, ஆளுக்கொரு சக்கரமாகப் பிடித்து, எப்படியோ மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே போனதும் பதினேழு ரோஜாவும் அவளோடு ஆடின. ஆடின என்று சும்மா எழுதுகிறேன். பாதிப்பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள், இவள்தான் நாற்காலியை உருட்டிக்கொண்டுபோய் ஒவ்வொருத்தர் முன்னாலும் ஒரு சுற்றுச் சுற்றி ரோஜாவை வாங்கிக்கொண்டாள். கப்பித்தானின் முறை வந்தபோது அவர் ரோஜாவைக் கொடுத்துவிட்டு, "பாப்பா, அந்தச் சாய்தளம்..." என்று இழுத்தார். "நல்லாத்தான் இருக்கு சார், எங்க ஆட்டுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள். மனுஷன் முகம் ரோஜாவைவிடச் சிவந்தது.

பிறகு மெழுகுவர்த்திகள். மிஸஸ் பலாசியோஸ் மைக் முன்னால் வந்தார். கையில் மெழுகுவர்த்தி, இன்னும் கவுன் ஏந்திய ஈரம். வாழ்த்து எழுதி வைத்திருந்தார், அதை மடித்துப் பைக்குள் போட்டார். "எனக்கு மூட்டுவலி. இந்த மாடிக்கு நான் ஏறி வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. பதினொன்றாம் வகுப்பில் பாடம் எப்படி நடக்குதுன்னு வாத்தியார்கள் கீழ வந்து சொல்லுவாங்க, நான் கேட்டுக்குவேன்" என்றார். "லிஃப்ட் கேட்டு எழுதினேன். பள்ளிக்கூடத்தோட போட்டோ அனுப்புங்கன்னு பதில் வந்துச்சு. அனுப்பினேன். நல்லா இருக்குன்னு பதில் வந்துச்சு. அதுக்கப்புறம் நான் எழுதல. இன்னைக்கு இந்தப் பொண்ணு கவுனைப் பிடிச்சுக்கிட்டு ஏறுனப்ப தோணுச்சு, என்னாலயும்தான் ஏற முடியல, என்னை யாரும் வீட்டுலயே இருந்து பள்ளிக்கூடம் நடத்துங்கன்னு சொல்லலையேன்னு. எனக்கு மட்டும் கீழ ரூம் போட்டுக்கிட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "என் அறைக்குப் பக்கத்துல பேண்டு வாத்தியம் வைக்கிற ரூம் இருக்கு. டிரம்முக்குக் கால் வலிக்காது. திங்கக்கிழமை டிரம் மேல போகும், பதினொன்றாம் வகுப்பு கீழ வரும். அதான் என் வாழ்த்து." மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, இறங்க வேண்டுமே என்ற கவலையோடு போய் உட்கார்ந்தார். பன்றித் தோலுக்கு வேலையே வரவில்லை அக்கா. மக்ஸிமோ மைக்கைப் பிடித்துக் கேட்க வேண்டியதும் இல்லாமல் போனது. என் ஏற்பாடும் குழந்தை ஏசுவின் கருணையும் சேர்ந்து செய்த வேலை. மிஸ் டோர்க்காஸ் தன் முறை வந்ததும், "கட்டம் நிறையட்டும்" என்று மட்டும் வாழ்த்திவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதது, மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசி ரோஜா தகப்பனுக்கு. மக்ஸிமோ வந்து நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டார், இவள் அவர் தோளில் கை வைத்துக்கொண்டாள், பாட்டு முடியும் வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே லேசாக அசைந்தார்கள். நடுவில் அவள் அவர் காதில் ஏதோ சொன்னாள், மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து கேட்டேன், சொல்லவில்லை. மறுநாள் டிரைசைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னார், "திங்கக்கிழமையிலேருந்து பள்ளிக்கூட வாசல்ல இறக்கி விட்டா போதும்ப்பா, உள்ள நானே போயிக்குவேன், உங்க முதுகுக்கு லீவுன்னு சொன்னாடி." அதை நல்ல சேதி என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார், ரெண்டு நாள் கண் எரிந்தது.

திங்கட்கிழமை டிரம் மேலே போனது. புது வகுப்புக்கு வாசலில் ஒரு படி இருந்தது, ஒரே ஒரு படிதான். அதற்கு மேயர் தச்சர்களை அனுப்பினார். அதைக் கேள்விப்பட்டுத் துணைமேயரும் அனுப்பினார். இப்போது அந்த ஒரு வாசலுக்கு வலது பக்கம் ஒரு சாய்தளம், இடது பக்கம் ஒரு சாய்தளம், ரெண்டும் மெத்தென்று தணிவாக. ஜெனலின் ஒவ்வொன்றையும் ஏறிப் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் ஆணி அடித்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று காலையில் மேயரில் ஏறுகிறாள், மாலையில் துணைமேயரில் இறங்குகிறாள். பக்கத்துக் கிராமத்திலிருந்து செலெஸ்தினோ என்று ஒரு பையன், போன வருஷம் பாடத்தாளோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவன், ஊன்றுகோலோடு வந்து இவள் பெஞ்சில் சேர்ந்திருக்கிறான். ரெண்டு பேருக்கும் நாள் பூராவும் வாதம், பாடம் நடத்த இடமில்லை என்று வாத்தியார் குறைப்படுகிறார். பேண்டு பிள்ளைகள் மட்டும் டிரம்மைத் தூக்கி மாடியேறும்போது நம் குடும்பத்தை மூணு தலைமுறைக்குத் திட்டுகிறார்கள். திட்டட்டும், தாளத்தோடுதான் திட்டுகிறார்கள். மிஸ் டோர்க்காஸ் போன வாரம் என் கடைக்கு வந்து வறுவல் சாப்பிட்டுவிட்டு, எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கிறது ஆன்ட்டி என்று சொல்லிப்போனது.

ஆகவே அக்கா, நீ கவலைப்பட ஒன்றுமில்லை. அவசரப்பட்டு லீவு கேட்டு வரவும் வேண்டாம், டிக்கெட்டுக்குச் செலவழிக்கவும் வேண்டாம். உன் தங்கச்சி மூணாங்கிளாஸ்தான், ஆனாலும் எல்லாவற்றையும் தனி ஆளாக நின்று முடித்துவிட்டாள் என்று நீ அங்கே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உன் முழங்காலுக்குத் தைலம் தேய். நாயை ரொம்பத் தூக்காதே. மாதா உன் சன்னல் கண்ணாடிகளையும் அவற்றுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற உன் இடுப்பையும் காப்பாளாக. மக்ஸிமோ உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஆடு ஒன்றும் சொல்லவில்லை.

உன் அன்புத் தங்கச்சி,
ஃபெலிசா

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்க இதை ஜெனலினிடம் கொடுத்தேன். நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவாள் போலச் சிரித்தாள். விசாரித்தால், விழா அடுத்த சனிக்கிழமை என்று கப்பித்தானிடம் சொன்னது இவள்தானாம். மேயரையும் துணைமேயரையும் சேர்த்தே கூப்பிடச் சொல்லி என் காதில் விழுகிற மாதிரி பெர்லாவிடம் பேசினதும் இவள்தான், ரோஜாவுக்கு ஊர்ப் பெரிய மனுஷர்களைக் கூப்பிட்டால் நன்றாயிருக்கும் என்று நான் தூங்கி வழியும்போதெல்லாம் முணுமுணுத்ததும் இவள்தான். "கேட்டா வருவாங்கம்மா, பார்ப்பாங்க, பிஸ்கட் கொடுப்பாங்க. தூக்கினாத்தான் தெரியும்" என்கிறாள். ஆகவே மேலே என் யோசனை, என் ஏற்பாடு என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறேனோ, அங்கெல்லாம் அடித்துவிட்டு அவள் பெயரைப் போட்டுக்கொள். குழந்தை ஏசு பெயரை மட்டும் விட்டுவை. மழை அவர் வேலை. மக்ஸிமோவிடம் சொல்லாதே, அவர் இன்னும் ரோஜா தன் வைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. வரவேண்டாம் என்று எழுதினேனே, அதையும் அடித்துவிடு. பன்னிரண்டாம் வகுப்பு இன்னும் இரண்டாம் மாடியிலேயேதான் இருக்கிறதாம். அடுத்த வருஷம் உனக்கு அறுபது பிறக்கிறதல்லவா, அது சரியாக எந்தக் கிழமை வருகிறது என்று உன் தங்கச்சி மகள் கேட்கச் சொல்கிறாள். உன் முழங்கால் இப்போது எப்படி வலிக்கிறது என்பதையும் விவரமாக எழுதுவாயாம். உன்னையும் சப்பரத்தில்தான் ஏற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, கொம்புக்கு ஆள் தேட இப்போதே போய்விட்டாள்.